எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸ்: மலை ரயிலுக்காகவே போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்து மலைகளில் ஒரு வாரம் ரயிலிலேயே சுற்ற ஆசைப்படுகிறவர்கள் எட்டு நாள் சுவிஸ் டிராவல் பாஸை நம்பி வாங்கலாம். ஆனால் வாங்கிய பிறகு எல்லோரும் சொல்கிற கண்ணாடிக் கூரை எக்ஸ்பிரஸ்களில் இடம் தேடி அலைய வேண்டாம். அதே தண்டவாளத்தில், அநேகமாக மணிக்கு ஒன்றாக, உள்ளூர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சாதாரண ரயில் ஓடுகிறது. பாஸின் அருமை அந்த ரயிலில்தான் தெரியும்.

நான் குன்னூர்க்காரி. அப்பா லோகோ ஷெட்டில் ஃபிட்டர். எங்கள் நீலகிரி மலை ரயிலை மேலே தள்ளிய பழைய எக்ஸ் வகை நீராவி இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில், விண்டர்தூர் நகரத்தில் செய்யப்பட்டவை. அந்த ஊர்ப் பெயர் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பயணத்தை மற்றவர்கள் போல 'பனியில் விளையாட' என்று திட்டமிடவில்லை. மலை ஏறும் ரயில்களைப் பார்க்கவே போனோம். நான், கணவர், பள்ளிக்கூடம் போகும் மகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா.

பாஸ் பற்றி முதலில். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் இது. 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். விட்டுவிட்டுப் பயன்படுத்தும் வகையும் உண்டு, விலை கூடுதல். நாங்கள் வாங்கியபோது எட்டு நாளைக்கு, இரண்டாம் வகுப்பில், பெரியவர் ஒருவருக்கு 419 பிராங்க். விலை மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்குக் காசே இல்லை. ஆறு வயதிலிருந்து பதினாறு முடியாத பிள்ளைகளுக்கு, அப்பாவோ அம்மாவோ பாஸ் வைத்திருந்தால், குடும்ப அட்டை இலவசம். ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. தாத்தா பாட்டியோடு மட்டும் பிள்ளை போனால் அந்தச் சலுகை கிடையாது.

இதை வைத்துக்கொண்டு ரயில், மஞ்சள் நிறத் தபால் பஸ், ஏரிக் கப்பல், ஊருக்குள் ஓடும் டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் இதுவே நுழைவுச் சீட்டு. கைப்பேசியில் ஒரு கட்டப் படம் (கியூஆர் கோடு), கூடவே பாஸ்போர்ட், அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் கேட் கிடையாது. பரிசோதகர் வருவார், பார்ப்பார், நன்றி சொல்லிப் போவார். உச்சி மலைகளுக்குப் போகும் தனி ரயில்களும் தொங்கு வண்டிகளும் பெரும்பாலும் பாதி விலைக்கு. யுங்ஃப்ராவ்யோக்குக்கு மட்டும் கால் பங்குதான் தள்ளுபடி. ரீகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் மூன்றும் முழுதும் இலவசம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் திட்டம் போட்டால் கணக்கு உதைக்கும்.

கோவையில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் விசாரித்தோம். அவர் கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக் கூரை வண்டிகள் இரண்டையும் வைத்து ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். முன்பதிவு இல்லாமல் அந்த வழியில் போகவே முடியாது என்றும் அடித்துச் சொன்னார். அது தவறு. முன்பதிவு கட்டாயம் என்பது அந்த இரண்டு பெயருள்ள வண்டிகளுக்கு மட்டும்தான். பாஸ் இருந்தாலும் அந்த இருக்கைக் கட்டணம் தனி. கிளேசியர் எக்ஸ்பிரஸில் அது மட்டுமே ஆளுக்கு ஐம்பது பிராங்க் அளவுக்கு வருகிறது. சாதாரண ரயிலுக்கு எந்த முன்பதிவும் வேண்டாம். வந்து நிற்கிற வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடிக் கூரை வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. செயின்ட் மோரிட்ஸிலிருந்து செர்மாட் வரை 291 கிலோமீட்டர், எட்டு மணி நேரம், இடத்துக்கே சாப்பாடு. 1930-இல் தொடங்கிய ஓட்டம். நடக்க முடியாதவர்கள், வண்டி மாற விரும்பாதவர்கள் அதில் போவது நியாயம். ஆனால் அந்த ஜன்னல் திறக்காது. படம் எடுத்தால் உங்கள் சட்டையும் சேர்ந்து கண்ணாடியில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, பிடித்த இடத்தில் இறங்க முடியாது. மலை ரயிலில் இறங்க முடியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? ஹில்குரோவில் இறங்கி டீ குடிக்காமல் ஊட்டிக்குப் போன யாரையாவது எங்கள் ஊரில் மலை ரயிலில் போனவர் என்று ஒத்துக்கொள்வார்களா?

சூரிச்சில் இறங்கி நேராகக் கூர் என்ற ஊருக்குப் போனோம். இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். சூரிச் ஏரியும், அப்புறம் மலைச்சுவரின் அடியில் கிடக்கும் வாலன் ஏரியும் அந்தப் பக்கம்தான். கூரில் தங்குவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். செயின்ட் மோரிட்ஸை விட அறை வாடகை குறைவு, பழைய ஊர், சிவப்பு ரயில்கள் இரண்டு திசையிலும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

இந்த வாரத்தின் உச்சம் எது என்று கேட்டால், யோசிக்காமல் கூரிலிருந்து டிரானோ வரை போன நாள் என்பேன். இத்தாலி எல்லைக்குள் இருக்கும் ஊர் டிரானோ. பாஸ் அதுவரை செல்லும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி ஆல்புலா பாதை, இரண்டாம் பாதி பெர்னினா பாதை, இரண்டும் சேர்ந்து 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. எங்கள் நீலகிரி ரயிலுக்கு அது 2005-இலேயே கிடைத்துவிட்டது என்பதை மகள் அங்கே ஒரு சுவிஸ் பெண்மணியிடம் சொன்னாள். அவர் உடனே கைப்பேசியில் குன்னூர் படங்களைத் தேடிப் பார்த்தார்.

கூரிலிருந்து போகும்போது வலதுபக்கம் உட்காருங்கள். ஆல்புலா பாதையில் ஓடும் புதிய ரயிலில், படம் எடுப்பதற்கென்றே ஜன்னல் திறக்கும் ஒரு பகுதி உண்டு. ஃபிலிசூருக்கு முன்னால் லாண்ட்வாசர் பாலம். 65 மீட்டர் உயரம், வளைந்தபடி போய் செங்குத்தான பாறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் நேராக நுழைகிறது. 1902-இல் முடித்தது. சாரம் கட்டாமலே தூண்களை எழுப்பினார்கள். ரயிலில் இருந்து அது சில விநாடிகள்தான் தெரியும். நாங்கள் ஃபிலிசூரில் இறங்கி, காட்டுவழியில் அரை மணி நேரம் நடந்து, பாலத்துக்குக் கீழே போய் நின்றோம். அம்மா நிலையத்து பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். மேலே சிவப்பு ரயில் போனபோது, மகள் கையாட்ட, ஜன்னலிலிருந்து யாரோ பதிலுக்குக் கையாட்டினார்கள். பெயருள்ள எக்ஸ்பிரஸில் வந்திருந்தால் இந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு இல்லை.

பெர்கூனிலிருந்து பிரேடா வரைதான் பொறியாளர்களின் கைவண்ணம். நேர்கோட்டில் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் நானூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அதனால் ரயில் மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் போய், பன்னிரண்டு கிலோமீட்டராக அந்த ஏற்றத்தை நீட்டிக்கொள்கிறது. ஒரே மாதாகோயில் கோபுரம் ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம், ஒவ்வொரு முறையும் இன்னும் கீழே. பிரேடாவில் தொடங்கித்தான் 2022 அக்டோபரில் நூறு பெட்டிகள் கோத்த, கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீள ரயிலை இறக்கி உலக சாதனை செய்தார்கள்.

அப்புறம் பெர்னினா. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. மேட்டுப்பாளையம் ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும்: கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி வீதம் ஏற்றம், அதற்காக நடுவில் பல்சக்கரத் தண்டவாளம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 25-க்கு ஒன்று, அங்கே பல் இல்லை, சக்கரத்தின் பிடிமானம் போதும். பெர்னினாவில் 14-க்கு ஒன்று வரை ஏறுகிறது. பல் கிடையாது! வெறும் இரும்புச் சக்கரம், வெறும் தண்டவாளம். 1910-இல் முழுப் பாதையும் முடிந்த நாளிலிருந்து இப்படித்தான் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் மழை நாளில் சக்கரம் வழுக்காதா, மணல் எங்கே தூவுகிறார்கள் என்று பத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

ஓஸ்பிஸியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர் உயரத்தில். பக்கத்தில் வெள்ளை ஏரி, சுண்ணாம்பு கரைத்த மாதிரி நிறம். அங்கே ஒரு பலகை: இந்தப் பக்கம் விழும் தண்ணீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு, அந்தப் பக்கம் விழுவது போ நதி வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்கு. அடுத்த நிலையம் ஆல்ப் க்ரூம், 2,091 மீட்டர். இங்கே கட்டாயம் இறங்குங்கள். சாலை கிடையாது, ரயிலில் வர வேண்டும், இல்லை நடந்து வர வேண்டும். நிலையக் கட்டடத்திலேயே சாப்பாட்டுக் கடை, எதிரே பாலூ பனிப்பாறை. எங்கள் புளிசாதத்தை வெளியே பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டோம். அடுத்த ரயிலில் ஏறினோம். பெட்டி பழையது, ஜன்னலை இறக்க முடிந்தது. குளிர்காற்றும் பைன் வாசனையும் உள்ளே வந்தன.

அங்கிருந்து இறக்கம். நாற்பது கிலோமீட்டருக்குள் 1,600 மீட்டருக்கு மேல் கீழே போகிறது. மேலே பனி, நடுவே போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் புல்வெளி, கீழே பழத்தோட்டமும் திராட்சையும். ப்ரூசியோவில் ஒன்பது வளைவுள்ள பாலம் வெட்டவெளியில் ஒரு முழு வட்டம் போடுகிறது. நம் ரயிலின் வால் நமக்குக் கீழே வருவதைப் பார்க்கலாம். லே பிரேசேயிலும் டிரானோவிலும் ரயில் தெருவிலேயே போகிறது. கார்கள் ஒதுங்கி நிற்கின்றன.

மறுநாள் கூரிலிருந்து செர்மாட்டுக்கு, கிளேசியர் எக்ஸ்பிரஸின் அதே பாதையில், சாதாரண ரயில்களில். டிசென்டிஸிலும் ஆண்டர்மாட்டிலும் மாற வேண்டும், அப்புறம் கீழே ரோன் பள்ளத்தாக்கில் ஒரு மாற்றம். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி, கையில் பெட்டிகள், மாறுவதற்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் இவர்கள் கால அட்டவணையே இப்படி மாறுவதற்காகப் போட்டது. 1982-இலிருந்து நாடு முழுக்க ரயில்கள் ஒரே தாளத்தில் வருகின்றன. ஒரு வண்டி வந்து நிற்கும்போது அடுத்தது எதிர் நடைமேடையில் காத்திருக்கிறது. ரயில்வேயின் செயலியில் எந்த நடைமேடை, அதில் எந்த எழுத்துப் பகுதியில் உங்கள் வகுப்புப் பெட்டி நிற்கும் என்பதுவரை வருகிறது. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி என்று கண்டிப்பாக இருந்துவிடுங்கள். அம்மாவை நானும் பெட்டிகளைக் கணவரும் பார்த்துக்கொண்டோம், எதையும் தவறவிடவில்லை. பழைய பெட்டிகளில் படி உயரம், அதுதான் வயதானவர்களுக்குச் சிரமம். தாழ்ந்த வாசல் உள்ள பெட்டியைத் தேடி ஏறுங்கள்.

இலான்ஸுக்கு முன்னால் ரைன் பள்ளம். சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையே சரிந்து விழுந்து, அந்த இடிபாட்டை ஆறு அறுத்து உண்டாக்கிய வெள்ளைச் சுவர்கள். தண்டவாளமும் ஆறும் மட்டும்தான் அதற்குள் போகின்றன.

டிசென்டிஸ் தாண்டியதும் ரயில் திடீரென்று மெதுவாகி, அடியில் ஒரு கடகட சத்தம் கேட்டது. அம்மா ஜன்னலில் இருந்து முகத்தைத் திருப்பினார். "பல்லுல ஏறிடுச்சு பாரு" என்றார். முப்பது வருடம் ஷெட்டுக்குப் பக்கத்து லைன் வீட்டில் இருந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே இருப்பதும் எங்கள் மலையில் இருப்பதும் ஒரே ஏற்பாடு. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்தது. இரண்டு பல்பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி. அதனால் சக்கரத்தின் ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓபரால்ப் கணவாயில், 2,033 மீட்டர் உயரத்தில், ஒரு சிவப்பு கலங்கரை விளக்கம் நிற்கிறது. கடல் எங்கோ இருக்க, இங்கே எதற்கு என்று தோன்றும். ரைன் நதி பக்கத்தில் பிறக்கிறது. அது கடலில் சேரும் இடத்து விளக்கத்தின் மாதிரியாம்.

ஆண்டர்மாட்டுக்கு அப்பால் ரயில் 15 கிலோமீட்டர் ஃபூர்கா சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. 1982-இல் அது திறந்ததும் மேலே இருந்த பழைய பாதையைக் கைவிட்டார்கள். ரயில்மீது பிரியமுள்ள தன்னார்வலர்கள் அதை மீட்டார்கள். அந்தப் பாதையில் முன்பு ஓடி, வியட்நாமுக்கு விற்கப்பட்ட விண்டர்தூர் இஞ்சின்களைத் தேடிப் போய், 1990-இல் கப்பலில் திருப்பிக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். கோடையில் சில நாட்கள்தான் ஓடும். எங்களுக்கு வாய்க்கவில்லை. நீங்கள் போகும் தேதியில் ஓடினால், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

செர்மாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கார் இல்லாத ஊர், கூட்டம், விலை. கோர்னர்கிராட் ரயில் மட்டும் போதும். 1898-இலிருந்து ஓடுகிறது, 3,089 மீட்டருக்கு முப்பது சொச்சம் நிமிடத்தில் ஏற்றிவிடும், பாஸுக்குப் பாதி விலை. மேலே போகும்போது வலதுபக்கம் உட்கார்ந்தால் மேட்டர்ஹார்ன் சிகரம் கூடவே வரும். காலையில் டிக்கெட் வாங்கும் முன் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். எல்லா உச்சிக்கும் அது இருக்கிறது. மேகமாக இருந்தால் அன்றைக்கு வேறு திட்டம் வையுங்கள். பாஸ் இருப்பதால் திட்டம் மாற்ற ஒரு காசு செலவில்லை. வயதானவர்களை மேலே அழைத்துப் போவதற்கு முன்னால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா அங்கே மெதுவாக நடந்தார், தண்ணீர் குடித்தார், நன்றாகவே இருந்தார்.

செர்மாட்டிலிருந்து இன்டர்லாக்கன் பக்கம் போக, செயலி உங்களை 34 கிலோமீட்டர் புதிய சுரங்கத்துக்குள் அனுப்பிவிடும். வேகம்தான், ஆனால் ஒன்றும் தெரியாது. பிரிக் போய், காண்டர்ஷ்டெக் வழியாகப் போகும் பழைய மலைப்பாதை ரயிலைப் பிடியுங்கள். இடதுபக்க ஜன்னல். ரோன் பள்ளத்தாக்கு கீழே, ரயில் மலை விளிம்பில். இதற்கும் தனிக் காசு இல்லை. இப்படி வழியை நாமே தேர்ந்துகொள்வதுதான் பாஸின் பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

யுங்ஃப்ராவ்யோக்குக்கு நாங்கள் போகவில்லை. 3,454 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 1912-இல் ஐகர் மலையைக் குடைந்து முடித்தது. அதன்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பாதையின் மேல்பகுதி முழுக்கச் சுரங்கம். பாஸ் தள்ளுபடிக்குப் பிறகும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை. அந்தக் காசை மிச்சம் பிடித்து லாட்டர்ப்ரூனனில் இன்னும் ஒரு இரவு தங்கினோம். அறை ஜன்னலுக்கு எதிரே ஸ்டாப்பாக் அருவி, கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர். தொங்கு வண்டியில் ஏறி, அப்புறம் மலை விளிம்பில் ஓடும் குட்டி ரயிலில் ம்யூரனுக்குப் போகலாம், வெங்கனுக்கும் போகலாம், இரண்டும் பாஸிலேயே அடக்கம். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் ம்யூரனில் இருந்து எதிரே வரிசையாகத் தெரியும். எனக்கு அது நிறைவாக இருந்தது. பனியில் கால் வைத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் மேலே போங்கள், இந்தியச் சாப்பாடுகூடக் கிடைக்கிறது.

லூசெர்னுக்குப் போகிற வழியில் ப்ரூனிக் கணவாயில் மறுபடியும் பல்சக்கரம், ஆனால் இது ரிகன்பாக் முறை, ஏணியைப் படுக்க வைத்தது போல இருக்கும். லூசெர்னில் எனக்கு வேண்டியிருந்ததும் அந்த மனிதரின் ரயில்தான். நிக்லாஸ் ரிகன்பாக் 1871-இல் விட்ஸ்னாவிலிருந்து ரீகி மலைக்குப் போட்டதே ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். அவரே 1882-இல் நீலகிரிக்கு வந்து, எங்கள் பாதைக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். அப்போது பணம் புரளாமல் வேலை நின்றது. கடைசியில் 1899-இல் குன்னூருக்கு ரயில் வந்தபோது, அது அவரிடம் வேலை பார்த்த ஆப்டின் முறையில் வந்தது.

லூசெர்னிலிருந்து ஒரு மணி நேரம் ஏரிக் கப்பல், அப்புறம் விட்ஸ்னாவில் கரையிலேயே நிற்கும் ரயில், 1,797 மீட்டர் உச்சி, எல்லாமே பாஸில் இலவசம். வாரத்திலேயே அதிக மதிப்பு கிடைத்த நாள் இதுதான். அம்மா கீழே நிலையத்தில் தண்டவாளத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பா இருந்தா எறங்கித் தொட்டுப் பாத்திருப்பாரு" என்றார். ரயில் கிளம்பிப் போன பிறகு, நடைமேடையில் நின்றபடியே படம் எடுத்துக் கொடுத்தோம். இப்போது அந்தப் படம் அவர் கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். உணவகத்தில் தினமும் சாப்பிட்டால் பாஸ் விலையை வயிறே சாப்பிட்டுவிடும். சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள். மீக்ரோஸ், கோப் கடைகளில் அரிசி, தயிர், பருப்பு, காய்கறி எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள், தெரு நீரூற்றிலேயே பிடித்துக் குடிக்கலாம், குடிக்கக்கூடாது என்று எழுதியிருந்தால் தவிர. நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, மாற்றி ஒன்று எடுத்துப் போங்கள், குக்கர் கொண்டுபோகிறவர்களுக்கு முக்கியமாக.

கடைசி நாள் விமானத்துக்கு நேரம் இருந்ததால் லூசெர்னிலிருந்து பெர்ன் போனோம், ஒரு மணி நேரம். யூரோப்பாபிளாட்ஸில் மதங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம், 2014-இல் திறந்தது. கோயில், மசூதி, தேவாலயம், புத்த விகாரம் எல்லாம் ஒரே கூரையின்கீழ். அதற்குள் சைவநெறிக்கூடத்தின் சிவன் கோயில். 1983-க்குப் பிறகு ஊரைவிட்டு வர நேர்ந்த ஈழத் தமிழர்கள் இந்த நாட்டில் கட்டி எழுப்பிய வாழ்க்கையின் ஒரு பகுதி அது. அங்கே ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "எங்கயிருந்து வாறீங்கள்?" என்று கேட்டார். என் அம்மாவுக்கு ஒரு வாரமாக வெளியாரோடு தமிழில் பேசாத ஏக்கம். இருவரும் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். கீழே வணக்கம் என்ற சைவ உணவகம் இருக்கிறது. போகும் நாளில் திறந்திருக்குமா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இந்தப் பாஸ் ஒத்துவராது. ஒரே ஊரில் தங்கி, தினமும் ஒரு உச்சிக்கு ஏறி இறங்குவதுதான் உங்கள் திட்டம் என்றால், ஒரு மாதம் செல்லும் அரை விலை அட்டையை வாங்குங்கள். அதில் யுங்ஃப்ராவ்யோக்குக்கும் பாதி விலை. எங்களைப் போல ஒவ்வொரு நாளும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும், இறங்கி ஏற விரும்புகிறவர்களுக்கும் எட்டு நாள் பாஸ். முதல் வகுப்பு வேண்டாம், கூட்டம் குறைவு என்பது தவிர அதே ஜன்னல், அதே மலை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஓடாது. அப்போதும் சாதாரண ரயில்கள் ஓடுகின்றன, ஆனால் மேலே பல உணவகங்களும் தொங்கு வண்டிகளும் மூடியிருக்கும். எங்களைக் கேட்டால் ஜூன். கணவாய்களில் பனி மிச்சமிருக்கும், கீழே பூ, இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம். பாஸ் தொடங்கும் தேதியை விமானம் இறங்கும் நாளாகப் போடுங்கள். விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் நிற்கிறது, அங்கிருந்தே அது வேலை செய்யத் தொடங்கிவிடும்.